குசுகுசுவின் வாய்

மறுபடியும் வாய்தான், படத்தில் கண் வந்துவிட்டது, நெற்றி வந்துவிட்டது, இந்த வாய் மட்டும் ஏன் இப்படி அடம்பிடிக்கிறது, துணியால் துடைத்தால் சிவப்பு கன்னம் வரை இழுத்துக்கொண்டு போகிறது... ஜன்னலோரம் முக்காலியில் இருக்கிறவள் காலை மாற்றிப் போட்டு, "இடுப்பு விட்டுப்போச்சுடி, முடிஞ்சுதா?" என்கிறாள், முடியவில்லை என்று சொல்லவே எரிச்சலாக இருக்கிறது. நாளைக் காலை ரயிலேறி மகள் வீட்டோடு இருக்கப் போய்விடுகிறாள், படத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டுமாம், இன்றைக்கு விட்டால் விட்டதுதான். எங்கள் நாடகக் குழுவில் பக்கத்திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பவள் அவள், குசுகுசு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், மேடையில் வார்த்தை மறந்து நான் திருதிருவென்று விழித்தபோதெல்லாம் அவள் குரல்தான் என்னைக் கரையேற்றியது, அப்படிப்பட்டவளுக்கு ஒரு வாய் வரையத் துப்பில்லையா எனக்கு?

சுவரில் நான் வரைந்து மாட்டியவர்கள் எவ்வளவு சுலபமாக வந்தார்கள்... வானொலியில் மட்டுமே கேட்ட பாடகி, கடைசியாக ஓடி வந்தும் கைதட்டல் வாங்கிய ஓட்டக்காரி, போன வருடம் செத்துப்போன மீசைக்காரத் தையல்காரர், என் சிநேகிதர். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், வரைபலகையின் தலையில் செருகியிருக்கும் கண்ணாடியில் பார்த்து அந்த முகத்தை நானே போட்டுக்கொள்வேன், எந்தத் தசை எங்கே இழுக்கிறது என்று பிடித்துக்கொண்டு அப்படியே வண்ணத்தில் வைப்பேன், நடிகைக்கு வேறென்ன தெரியும். இன்றைக்கும் காலையிலிருந்து உதட்டைக் குவித்து, தாடையைத் தள்ளி, குசுகுசுவாகவே இருந்து பார்க்கிறேன், எதிரில் அவள் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்குகிறாள், அது இன்னும் எரிச்சல்.

எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நிற்கிறாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தால்தான் என்ன... சுவரைப் பார்க்கிறாள், படத்தைப் பார்க்கிறாள். "எல்லாம் நீதாண்டி," என்கிறாள், காய்கறி விலை சொல்வதுபோல. "மீசை வெச்ச நீ, ஓடுற நீ. இது என் வேஷம் கட்டின நீ." கோபம் உச்சிக்கு ஏறுகிறது, உன் முகம் எனக்குத் தெரியாதா என்று கேட்க வாயெடுத்தேன், சரி, தெரியுமா? மேடையில் நிற்கிறவள் பக்கத்திரைப் பக்கம் திரும்பவே கூடாது, திரும்பினால் குட்டு உடைந்துவிடும், காது மட்டும்தான் அங்கே போகலாம்... டீ குடிக்கும்போதும் பேருந்தில் பக்கத்தில் உட்காரும்போதும் அந்தப் பழக்கம் விடவே இல்லையோ, இத்தனை காலம் அவளைக் கேட்டேன், பார்த்தேனா? "நீ புள்ளையப் பறிகொடுக்குற காட்சியில நானும் அழுதுட்டேதான் வசனம் சொல்லுவேன், தெரியுமா உனக்கு?" என்கிறாள். தெரியாது. அந்தக் குரல் ஒருநாளும் பிசிறியதில்லை.

கண்ணாடியை உருவி மேஜைமேல் கவிழ்த்துவிட்டேன், போய் உட்கார் என்றேன், முனகிக்கொண்டே போய் உட்கார்ந்தாள். மேலுதட்டில் ஒரு சின்னத் தழும்பு, இது எப்போதிருந்து இருக்கிறது, இப்போது போய்க் கேட்டால் அசிங்கம்... வெளிச்சம் இறங்கிக்கொண்டே போகிறது, தூரிகை கையிலேயே காய்கிறது, அவளைப் பார்க்கிறேன், வெறுமனே பார்க்கிறேன், அப்படிப் பார்க்கிறபோது என் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.