மூச்சு விட வழியில்லாத மூடி

பூட்டுக்காரருக்குச் சந்தேகம்தான் தொழில். யார் சாவியைத் தொலைத்துவிட்டு நின்றாலும், தன் பழைய மோட்டார் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்க் கதவைத் திறந்து கொடுப்பார். சும்மா வருவாரா? "வேற யார்கிட்டங்க சாவி இருக்கு?" என்று ஒரு கேள்வியைப் போட்டு, அந்த வீட்டில் நாலு நாள் சண்டைக்கு வழி பண்ணிவிட்டுத்தான் திரும்புவார்.

இப்போது அவர் வீட்டிலேயே திருட்டு. சாயங்காலம் டாங்கில் தளும்பிய பெட்ரோல் விடிந்தால் இறங்கிக் கிடந்தது. வீட்டில் இருப்பதோ மூன்று பேர். மனைவி வண்டிப் பக்கமே போகமாட்டாள். மிச்சம் மச்சான். மனைவியின் தம்பி, தாய் தகப்பன் இல்லாமல் அக்கா கையால் வளர்ந்தவன், சொந்தமாக ஸ்கூட்டர் வைத்திருப்பவன். இதற்கு மேல் சாட்சி எதற்கு?

அவர் மூச்சுக் காட்டவில்லை. பட்டறையில் உட்கார்ந்து டாங்குக்குப் பித்தளையில் புது மூடி கடைந்தார். பூட்டு வைத்த மூடி. உள்ளே தடித்த ரப்பர் வளையம். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு கசியாது. சாவி அவர் சட்டைப்பைக்குள் போனது.

மறுநாள் காலை பெட்ரோல் ஊற்றினது ஊற்றினபடி இருந்தது.

"பாத்தியா! பூட்டினேன், திருட்டு நின்னுச்சு" என்று மனைவியிடம் கிசுகிசுத்தார்.

"வாயக் கழுவுங்க. எந்தம்பி மேல பழியப் போட்டு வெரட்டுனீங்க, நானும் அவங்கூடவே போயிடுவேன், சொல்லிட்டேன்."

அன்றே வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஜோராகக் கிளம்பும், பாதி வழியில் இருமி இருமி நின்றுவிடும். பிளக்கைக் கழற்றினார். காய்ந்து கிடந்தது. பெட்ரோலே வந்து சேரவில்லை. கார்புரேட்டரைப் பிரித்து, பெட்ரோல் வரும் ஜெட்டின் துளையை ஊதி மாட்டினார். கொஞ்ச தூரம் ஓடியது, மறுபடி நின்றது. டாங்கைத் திறக்க முடியாத ஆத்திரத்தில் பயல் எங்கேயோ கை வைத்துவிட்டான் என்று முடிவு கட்டினார்.

இரவுச் சாப்பாட்டில் அது வாய்க்கு வந்துவிட்டது. "பெட்ரோல எடுத்த, போனாப் போவுதுன்னு விட்டேன். இப்ப வண்டியையே கெடுக்கிறியாடா?"

"நானா மாமா?" மச்சான் அவ்வளவுதான் கேட்டான். பாதிச் சாப்பாட்டில் எழுந்து, தான் வேலை பார்க்கும் அச்சகத்துக்கே படுக்கப் போய்விட்டான். அவன் அக்கா எழுந்து உள்ளே போனாள். தன் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கினாள். "நாளன்னிக்குள்ள அவன் இங்க வரணும். இல்லேன்னா நான் அங்க."

மறுநாள் வண்டி பாலத்தில் நின்றது. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறானோ என்று மூடியைத் திறந்தார். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. உதைத்தார், உடனே பிடித்துக்கொண்டது. அட, கருமமே! டாங்குக்குள் காற்றுப் போனால்தானே பெட்ரோல் கீழே இறங்கும்! அத்தனை நுணுக்கமாகப் பூட்டு வைத்தவர் மூடியில் ஒரு ஊசித்துளை போட மறந்திருந்தார். பட்டறைக்குப் போன கையோடு துளை போட்டார்.

அடுத்த நாள் காலை பெட்ரோல் மறுபடி இறங்கியிருந்தது. சாவி தன் பையில். மச்சான் அச்சகத்தில். தரையில் படுத்துப் பார்த்தார். கார்புரேட்டருக்கு அடியில் இருந்த சின்னக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்து, விழுந்த இடத்திலேயே காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே பெட்ரோலை அடைக்கும் ஊசி தேய்ந்துபோயிருந்தது. ராத்திரியில் டாங்குக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் டேப்பை மூடும் வழக்கமும் அவருக்கு இல்லை. காற்றுப் புகாத மூடி போட்டிருந்த அந்த இரண்டு ராத்திரிதான் ஒழுக்கும் நின்றிருக்கிறது.

விழுந்தடித்துக்கொண்டு அச்சகத்துக்கு ஓடினார். மச்சான் காகிதக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். சாவிக்கொத்தை மேசையில் போட்டுவிட்டு அவன் முன்னால் நின்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தப்பு எம்மேலதான்டா. பெட்ரோல் தானா ஒழுகியிருக்கு. வண்டி நின்னதும் நான் செஞ்ச மூடியாலதான். வாடா வீட்டுக்கு. ஒங்க அக்கா பெட்டியோட நிக்கிறா."

மச்சானின் முகம் இளகியது. "அக்கா சாப்பிட்டுச்சா?" என்று கேட்டுக்கொண்டே, மேசையில் சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் இருந்த தன் பையை எடுக்கக் கையை நீட்டினான்.

பூட்டுக்காரரின் கை, அவரைக் கேட்காமலே, சாவிக்கொத்தின் மேல் போய் விழுந்தது.

இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

"நீங்க போங்க மாமா" என்றான் மச்சான். "அக்காவ வரச் சொல்லுங்க. நான் இங்கயே பக்கத்துல ஒரு வீடு பாக்குறேன்."