ஆகட்டுங்க

தார்முஜியின் வீட்டுக் கூடத்தில் ஐஸ் இயந்திரம் நின்றது. அதன் மேல் வெள்ளைப் பின்னல் விரிப்பு. விரிப்பின் மேல் ஒரு பூச்சாடி. பக்கத்தில் தார்முஜியின் மகளுடைய கல்யாணப் படம், கண்ணாடிச் சட்டத்தில்.

சுதிக்னோ நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். அது வெயிலில் நிற்க வேண்டிய இயந்திரம். வெயில்தான் அதற்குச் சோறு. பகலெல்லாம் சூட்டைக் குடித்து, இரவில் ஆறி, விடியும்போது தட்டு நிறைய ஐஸ் கொடுக்க வேண்டியது. மின்சாரம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம். கண்ணாடிக்கு அடியில் உள்ள கறுப்புக் குழாய்களுக்குள் கொட்டாங்கச்சிக் கரி இருக்கிறது. வெயில் பட்டால் கரியில் ஊறிய திரவம் ஆவியாகி வெளியேறும், இரவில் திரும்பக் கரிக்குள் போகும். போகும்போது தண்ணீரின் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். பல்கலைக்கழகத்தில் முப்பது வருஷம் பாடம் சொன்ன சுதிக்னோ, ஓய்வு பெற்ற பிறகு ஜாவாவின் சோலோ நகரத்தில் பட்டறை போட்டு, தன் மூளையைப் பிழிந்து செய்தது. அதன் தலையில் பூச்சாடி.

"உள்ள வாங்க, ராடென். நடையிலயே நிக்கிறீங்களே" என்று தார்முஜி, அவருடைய பரம்பரைப் பட்டத்தைச் சொல்லி, இடுப்பை வளைத்துக் கூப்பிட்டான். கடலில் கயிறு இழுத்துக் காய்த்துப்போன கைகள். அந்தக் கைகளைக் கூப்பியபடியே நின்றான்.

தார்முஜியின் மனைவி தேநீரும் வறுத்த மரவள்ளியும் கொண்டுவந்து வைத்துவிட்டு முழங்காலால் பின்னுக்கு நகர்ந்தாள்.

"இயந்திரம் எப்படி இருக்கு?" என்று சுதிக்னோ கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்குங்க."

"ஐஸ் வருதா?"

தார்முஜி மனைவியைப் பார்த்தான். மனைவி தரையைப் பார்த்தாள். "ஆகட்டுங்க" என்றான் தார்முஜி.

"வெளிய வைக்கச் சொல்லியிருந்தேனே."

"வெளிய வெச்சா உப்புக்காத்து பட்டுடுங்களே. ராடென் உங்க கையால குடுத்தது. துருப்பிடிச்சுப் போச்சுன்னா எங்க தலைமுறைக்கே ஆகாதுங்க. வியாழக்கிழமை சாயங்காலமானா இவ பூ மாத்திடறா. ஒரு வாரம்கூட விட்டதில்லீங்க."

வீட்டுக் குத்துவாளுக்கும் முன்னோர் வேலுக்கும் பூ வைக்கிற கிழமை அது. ஐஸ் இயந்திரத்தையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டார்கள். இதைவிடப் பெரிய மரியாதை அந்த வீட்டில் கிடையாது. மற்ற இரண்டு கிராமங்களில் கொடுத்த இயந்திரங்களும் எந்தக் கூடத்தில் எந்தப் பூவோடு நிற்கின்றனவோ?

மாதக் கடைசியில் ஜகார்த்தாவிலிருந்து முதலீட்டு நிறுவனத்து அம்மாள் வருகிறாள். போன தடவை அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "இதைக் காசு குடுத்து வாங்கின ஒரு ஆளைக் காட்டுவீங்களா, ஐயா? ஒரே ஒருத்தர் போதும்." அப்படி ஒருவரைக் காட்டாவிட்டால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். சுதிக்னோவிடம் இருந்ததெல்லாம் ஆகட்டுங்க. கடற்கரையோரம் வீடு வீடாகப் போய்க் கேட்டிருந்தார். இப்படி ஓர் இயந்திரம் வந்தால் வாங்குவீர்களா? ஆகட்டுங்க. இந்த அளவு போதுமா? ஆகட்டுங்க. ஒருவர்கூட மாற்றிச் சொல்லவில்லை. அதை வரைபடமாக்கித் திரையில் காட்டியபோது அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஜாவாக்காரர்களிடம் ஒரு சொலவடை உண்டு: ஆகட்டும் ஆகட்டும்னான், ஆளையே காணோம். பெரிய மனிதரின் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல அந்த மொழியில் வழியில்லை. மேலோருக்கு மேல்பேச்சு, சமமானவருக்குக் கீழ்ப்பேச்சு. மேல்பேச்சில் மறுப்பு என்பதே கிடையாது. ஆகட்டுங்க என்பதன் இழுவையில்தான் மறுப்பு ஒளிந்திருக்கும். இது சுதிக்னோவுக்குத் தெரியாதா? சோலோ அரண்மனைக்குப் பரம்பரையாக ஊழியம் பார்த்த குடும்பம். தாய்ப்பாலோடு குடித்தது. தெரிந்தும் தனக்குச் சொல்லப்பட்டபோது மட்டும் அது நிஜமான ஆமாம் என்று நம்பினார். தன் இயந்திரத்தின் மேல் அவ்வளவு ஆசை.

கஸ்முரி நம்பவில்லை. இதே கடற்கரையில் வலை உலர்த்திய வீட்டுப் பிள்ளை கஸ்முரி. பாண்டுங்கில் கல்லூரி விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. சேர்ந்த அன்றைக்கே, "ராடெனாவது கீடெனாவது. டேய் திக்னோ, உன் பாயை அந்தப் பக்கம் போடு" என்றவன். பெற்ற தாய்கூட மரியாதை கலந்து கூப்பிட்ட பிள்ளையை அந்த உலகத்தில் நீ என்று சொன்னவன் அவன் ஒருவன்தான். அன்றிலிருந்து தலை நரைக்கும்வரை அவர்களுக்குள் கீழ்ப்பேச்சுதான். குழாய்களின் மூடியைக் காற்றுப் புகாமல் இறுக்குவதில் அவன் கைக்கு ஈடு கிடையாது. நிறுவனம் தொடங்கியபோது பாதி அவனுடையது.

அந்த வரைபடத்தைக் காட்டிய ஜகார்த்தா கூட்டத்தில்தான் அது முறிந்தது. அத்தனை பேர் முன்னிலையில் கஸ்முரி எழுந்து, "திக்னோ, கரைக்காரங்க உன்கூடப் பேசலடா. உன் பட்டத்துகூடப் பேசறாங்க. ஒருத்தனும் இந்த மிஷினை வாங்க மாட்டான். மிஷினை விக்காதே, ஐஸை வித்துடு" என்றான்.

ஐஸ் விற்பதா? விலை சொல்லாத குடும்பம் என்று அவர்களுக்குப் பெயர். அது சும்மா வந்த பெயர் அல்ல. பஞ்சத்திலும் பாட்டனார் நெல்லை விற்கவில்லை, கேட்டவருக்கு அளந்து கொடுத்தார். இயந்திரத்தை விற்பதற்கே சுதிக்னோ தன்னைப் பல இரவு சமாதானம் செய்துகொண்டிருந்தார். விலைப்பட்டியலைக்கூட ஒரு மாணவனை விட்டுத்தான் அச்சடித்தார். அன்று அவர் குரலை உயர்த்தவில்லை. அந்தக் குடும்பத்தில் யாரும் உயர்த்துவதில்லை. கஸ்முரியின் பக்கம் திரும்பி, வாழ்நாளில் முதல் தடவையாக மேல்பேச்சில் சொன்னார்: "தாங்கள் இனிமேல் இதற்காகச் சிரமப்பட வேண்டாம்."

கஸ்முரி தன் பையை எடுத்துக்கொண்டான். பாத்தாம் தீவில் குளிர்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டார். பட்டறையில் அவன் உட்கார்ந்த முக்காலி அப்படியே கிடக்கிறது. மூடி ஒழுகும்போதெல்லாம் சுதிக்னோ அதைப் பார்ப்பார். தன்னை யாராவது ஒரு தடவை மடையா என்று சொல்ல மாட்டார்களா என்று இருக்கும்.

"ஆம்பளைங்க யாராவது வந்து இந்தக் கூடையப் பிடிங்க" என்ற சத்தத்தோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். வர்சினா, தார்முஜியின் மனைவிக்கு அக்காள். கரைக்கு வருகிற மீனில் பாதியை வாங்கி விற்கிற வியாபாரி. சுதிக்னோவைப் பார்த்ததும் கூடையை இறக்கி, முந்தானையைச் சரிசெய்து, குரலையும் மாற்றிக்கொண்டாள்.

"மன்னிக்கணுங்க, ராடென். கவனிக்கல."

"நீங்க மீன் வியாபாரம்தானே? இந்த இயந்திரம் உங்களுக்கு உபயோகப்படுமா?"

"ஆகட்டுங்க" என்றாள் வர்சினா, மிக அழகாக.

சுதிக்னோ தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். நீங்கள் நிஜத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டால், அதற்கும் ஆகட்டுங்க என்றுதான் வரும். கேட்டுப் பயனில்லை. வர்சினாவின் கூடைக்குப் பக்கத்தில் தராசு கிடந்தது. அதைப் பார்த்தபோது ஒன்று தோன்றியது. துறையில் இந்தப் பெண்கள் பேரம் பேசுவதை அவர் தூரத்திலிருந்து கேட்டிருக்கிறார். மேல்பேச்சில் யாராலும் பேரம் பேச முடியாது.

அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு இயந்திரத்தின் விலையைச் சொன்னார். தன் வாயால், முழுத் தொகையை. சொல்லும்போது காது மடல் சுட்டது.

தார்முஜி விரலைக் கடித்துக்கொண்டான். வர்சினாவின் வாய் மட்டும், மனசைக் கேட்காமல், பழக்கத்தில் திறந்தது.

"என்னது? அந்தக் காசுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிட்டு, மிச்சத்துல இன்னொரு புருஷனும் வாங்கலாமே."

"அக்கா!" என்றாள் தார்முஜியின் மனைவி.

"பாதி குறைச்சா?" என்றார் சுதிக்னோ.

"சும்மா குடுத்தாலும் எனக்கு வேணாம். கண்ணாடிய யாரு தினம் துடைக்கிறது? மூடிய யாரு பாக்கிறது? நான் மீன் விக்கிறவளா, மிஷினுக்கு ஆயாவா? கெட்டுப்போனா சோலோவுக்குச் சொல்லி அனுப்பி, நீங்க வர்றதுக்குள்ள என் மீன் எழுந்து நடந்துடும். எனக்கு வேண்டியது ஐஸ். லாரி ஐஸ் மதியத்துக்கு மேல வருது, பாதி தண்ணியா வருது. படகு வர்ற நேரத்துக்கு, விடியக்காலையில கரையில ஐஸ் குடு. காசை இடுப்புல முடிஞ்சு வெச்சிருக்கேன், வாங்கிக்கோ."

குடு என்றாள். வாங்கிக்கோ என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது போலும். கை வாய்க்குப் போனது.

"அப்போ நான் ஐஸ் விக்கணும்" என்றார் சுதிக்னோ.

"பின்ன? ஐஸ் மிஷின் வெச்சிருக்கிறவன் கருவாடா விப்பான்?"

யாரும் சிரிக்கவில்லை. பாட்டனார் அளந்து கொடுத்த நெல் சுதிக்னோவின் நினைவுக்கு வந்தது. அவரும் மூட்டையை யார் தலையிலும் கட்டவில்லை; பசித்தவருக்கு என்ன வேண்டுமோ அதைக் கொடுத்தார். இது அவர் பேரன் தனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம்தான். இருந்தாலும் தலை குனியாமல் நிற்பதற்கு அது போதுமாக இருந்தது.

"கூடைக்கு எவ்வளவு தருவீங்க?" என்று கேட்டார்.

வர்சினா ஒன்று சொன்னாள். அவர் கொஞ்சம் ஏற்றினார். அவள் கொஞ்சம் இறக்கினாள். "வெள்ளைச் சட்டைய இஸ்திரி போட்டுட்டு வந்து கழுத்தை அறுக்கிறியே" என்றாள். அவர் இன்னும் கொஞ்சம் ஏற்றினார். கடைசியில் அவள் முடிச்சை அவிழ்த்து முன்பணம் எடுத்து, அவர் உள்ளங்கையில் வைத்து மூடினாள். மீன் வாடை அடிக்கும் ஈரநோட்டு.

தார்முஜியின் மனைவி பூச்சாடியை இறக்கினாள். விரிப்பை மடித்தாள். தார்முஜி ஆட்களைக் கூப்பிடப் போனான். சுதிக்னோ முற்றத்துக்கு வந்து, வேலியோரம் நின்று, கைப்பேசியில் அந்த எண்ணைத் தேடினார். அழிக்காமல்தான் வைத்திருந்தார்.

நெடுநேரம் மணி அடித்தது.

"கஸ்முரி, நான்தான்டா."

அந்தப் பக்கம் இயந்திரங்களின் இரைச்சல். பிறகு குரல். "சொல்லுங்க, ராடென். சௌக்கியமா இருக்கீங்களா?"

நல்ல சுத்தமான மேல்பேச்சு. அவன் இவ்வளவு திருத்தமாக அதைப் பேசுவான் என்று சுதிக்னோவுக்குத் தெரியாது.

"நீ சொன்னபடியேதான்டா ஆச்சு. மிஷின் வேணாமாம். ஐஸ் கேக்கிறாங்க. முன்பணம் வாங்கிட்டேன். நானே, என் கையால."

"ரொம்பச் சந்தோஷங்க."

"மூடி இன்னும் ஒழுகுது. எவ்வளவு இறுக்கினாலும் காத்து புகுந்துடுது. உன் கைக்குத்தான் கட்டுப்படும். கிளம்பி வாடா."

"ஆகட்டுங்க" என்றான் கஸ்முரி.

சுதிக்னோ கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சொல்லின் இழுவையை இப்போது அவருக்குப் படிக்கத் தெரிந்தது. "வரமாட்டேன்னாவது சொல்லு. நாலு திட்டு திட்டு. மடையான்னு சொல்லேன்."

"ராடெனை அப்படிச் சொல்றதாவதுங்க" என்று அவன் மெதுவாகச் சிரித்தான். பின்னால் தொழிற்சாலையின் சங்கு ஊதியது. "வேலைக்கு நேரமாச்சுங்க. உடம்பைப் பார்த்துக்கோங்க."

இணைப்பு நின்ற பிறகும் அவர் கைப்பேசியைக் காதிலேயே வைத்திருந்தார்.

நாலு பேராக இயந்திரத்தைத் தூக்கி முற்றத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கண்ணாடியில் வெயில் பட்டுக் கண் கூசியது.

"ஐஸ்காரரே" என்று வர்சினா கத்தினாள். "வெயில் இறங்குது. இதும் மூஞ்சிய எந்தப் பக்கம் திருப்பறது?"

அந்தக் குடும்பத்தில் இதுவரை யாரையும் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் சட்டைக் கைகளை மடித்துக்கொண்டு போய், ஒரு மூலையைத் தானும் பிடித்தார். வடக்கே கடல்; ஜாவாவில் வெயிலும் வருஷத்தில் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். பாத்தாம் அதற்கும் அப்பால், கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது.

"கடலைப் பார்க்க" என்றார். "இன்னும் கொஞ்சம். அங்கேதான்."