பாலத்து மேட்டில் பத்தாம் இடம்

கடலோரத்தில் மலைக்கு எங்கே போவது? மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் கால்வாய்ப் பாலம் ஒன்று கொஞ்சம் தலை தூக்கி நிற்கும். 2009-இல் சைக்கிள் குழுக்காரர்கள் தங்கள் இணையதளத்தில் அதற்கு ‘ஏற்றம்’ என்று பெரிய பட்டம் கட்டி, யார் எவ்வளவு சீக்கிரம் ஏறினார்கள் என்று வரிசை போட்டார்கள். முதல் பத்துப் பேர்தான் திரையில் தெரிவார்கள். மற்றவர்கள் ஏறினாலும் ஒன்றுதான், வீட்டில் தூங்கினாலும் ஒன்றுதான்.

புதுப்பட்டினத்து ஷ்யாம் அதில் பத்தாவது. பள்ளிக்கூடத்திலும் சரி, ஆபீசிலும் சரி, அவனை யாரும் எந்த வரிசையிலும் முன்னால் நிறுத்தியதில்லை. அதனால் ஆபிரகாமின் டீக்கடையில் நின்று அவன் பத்தாம் இடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், கேட்பவருக்கு டீ ஆறிப்போகும்.

அவன் மனைவி ரோகிணிக்கு அந்தப் பேச்சைக் கேட்கப் பிடிக்கும். அதுதான் வம்பாகப் போயிற்று. கல்யாணத்துக்குப் பிறகு சைக்கிள் பழகியவள், இப்போது அவனைவிட வேகமாக மிதிக்கிறாள். மனம் வைத்து ஏறினால் அவன் பெயர் திரையிலிருந்து போய்விடும். எனவே ஞாயிறுதோறும் பாலத்தின் உச்சி நெருங்கும்போது லேசாக பிரேக் பிடித்துவிடுவாள். தன் பெயரையும் அங்கே பார்க்க அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. அதை விழுங்கிக்கொண்டாள்.

ஏறி முடித்த நேரம் மட்டும்தான் பதிவாகும் என்று நினைத்தது அவள் தப்பு. அவள் சைக்கிளின் ஹேண்டில்பாரில் மாட்டிய ஜிபிஎஸ் கருவி வழி நெடுக வேகத்தையும் பதிந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிறு அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய ஷ்யாம், வேகக் கோடு உச்சிக்குச் சற்று முன்னால் சரிவதைப் பார்த்தான். பழைய வாரங்களைத் திறந்தான். எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே சரிவு.

அவன் முகம் சுருங்கிப்போயிற்று. இரவு சாப்பிட்டுக் கை கழுவும்போது ரோகிணியிடம் கேட்டான்.

“எனக்கு ஏன் பிச்ச போட்டுகினு கீற? அடுத்த வாரம் பிரேக்ல கை வெக்காத.”

அடுத்த ஞாயிறு அவள் பிரேக்கைத் தொடவில்லை. ஒன்பதாம் இடம். பத்தாவதாக இருந்த ஷ்யாமைத் திரையில் காணோம்.

மறுநாள் டீக்கடைக்குப் போக அவளுக்குக் கால் வரவில்லை. அவன்தான் அழைத்துப் போனான். பேச்சையும் அவனே எடுத்தான்.

“ரோகிணி ஒம்போது, அண்ணாத்த. நான் பதினொண்ணு.”

பதினொன்றையெல்லாம் எங்கே காட்டுகிறார்கள் என்று ஆபிரகாம் கேட்டார்.

“எங்கயும் காட்ட மாட்டாங்கோ. இவளுக்குத் தெரிஞ்சா போதும்.”

ரோகிணிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏன் என்று கேட்ட ஆபிரகாமிடம், டீ ரொம்பச் சூடு என்றாள். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது.