‘இல்லை’ கேட்கும் வேலை

நிறத்தையும் இனத்தையும் பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்று சட்டம் வந்து வருடக்கணக்காகிறது. அது ஏட்டுச் சுரைக்காயா, கறிக்கு உதவுகிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. சம உரிமை ஆணையத்தில் சோதனையாளர். வீட்டுத் தரகு நிறுவனங்களில் முதலில் அவள் போய்க் கேட்பாள். “அடடா, இப்பத்தாம்மா குடுத்தோம்,” என்று உச்சுக் கொட்டுவார்கள். சற்றுப் பொறுத்து, அதே வேலை, அதே சம்பளம் என்று சொல்லிக்கொண்டு வெளுத்த தோலுள்ள தோழி போவாள். வீடு மறுபடி காலியாகிவிடும். காபியும் கிடைக்கும்.

“உனக்கு இதெல்லாம் பழகியிருக்கும்ல?” என்பாள் தோழி, ஆறுதலாகத்தான். இவள் சிரித்துவைப்பாள்.

படுக்கை அக்கா வீட்டு சோபாவில். அத்தான் தங்கமானவர், ஆனால் அவர் டிவியை அணைத்தால்தான் அவளுக்கு ராத்திரி. வேலையோ ரகசியம். நாள் எப்படிப் போச்சு என்று அக்கா கேட்டால், “போச்சுக்கா” என்பதோடு சரி.

ஒரு மத்தியானம், தரகர் இல்லாமல் வீட்டுக்காரரே வாடகைக்கு விடும் மாடியறை ஒன்றைச் சோதிக்கப் போனாள். கதவைத் திறந்த வீட்டுக்காரி, ஒரு தையல்காரம்மா, அவளை ஏற இறங்கப் பார்க்கவில்லை.

“வா கண்ணு. படி செங்குத்தா இருக்கும், பாத்து.”

சன்னல் வழியே பள்ளிக்கூட மைதானம் தெரிந்தது. சமையல் மேடை அவள் உயரத்துக்கு அளவெடுத்தாற்போல் இருந்தது.

“பிடிச்சிருந்தா நாளைக்கே வந்துடு. எனக்கும் பேச்சுத் துணையாச்சு.”

எத்தனையோ ‘இல்லை’களுக்குக் கலங்காதவள் அந்த ஒரு ‘வா’வுக்குக் கலங்கிப்போனாள்.

அந்த அறையைத் தானே எடுத்துக்கொள்ளலாமா என்று மேலதிகாரியிடம் கேட்டாள்.

“சோதிச்ச வீட்லயே குடிபோனா எதிர் வக்கீல் சும்மா விடுவாராம்மா? வீடு பிடிக்கத்தான் நாம அலையறோம்னு சொல்லிடுவாரு. மத்த வழக்கெல்லாம் படுத்துடும்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. தையல்காரம்மாவுக்கு போன் செய்தாள்.

“வேற இடம் அமைஞ்சிடுச்சும்மா.”

“வாடகை கூடுதலா கண்ணு? கொறச்சுக்கலாமே.”

“அதில்லம்மா.”

“சரி, எங்க இருந்தாலும் நல்லாயிரு.”

மாதக் கடைசியில் தரகு நிறுவனம் ஒன்றுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. அபராதம், காலி வீடுகளை இனி யாரிடமும் மறைக்கக் கூடாதென்று உத்தரவு. “ஜெயிச்சுட்டோம்டீ!” என்று தோழி கட்டிக்கொண்டாள். அவளுக்கும் சந்தோஷம்தான். இனி யாரோ ஒருத்திக்கு அங்கே கதவு திறக்கும்.

விடுமுறை நாளில் தனக்காக வீடு பார்க்கப் போனாள்.

“சொந்தக்காரப் பையனுக்குன்னு பேசி முடிச்சாச்சும்மா,” என்றார் வீட்டுக்காரர்.

நிஜமாகவே இருக்கலாம். பின்னாலேயே போய்க் கேட்டுப் பார்க்க இன்று யாருமில்லை. நன்றி சொல்லிவிட்டு, தெருக்கோடியில் இருந்த இன்னொரு வீட்டைப் பார்க்க நடந்தாள்.