தங்கைக்குச் சம்மணம் வராது

1

கலைக்கு எல்லை கிடையாது. மேடையில் ஏறிய மறுகணம் மனிதகுலம் ஒரே குடும்பமாகிவிடுகிறது.

(இந்த இரண்டு வரிகளையும் என் தங்கையிடம் போனில் வாசித்துக் காட்டினேன். "ஒரே குடும்பம்தான். பாத்ரூமும் ஒண்ணுதான். காலைல வந்து வரிசையில நின்னு பாரு" என்றாள்.)

இந்தக் கதை அதற்கு முன்பு வந்த ஒரு போனில்தான் பிறந்தது. பல நாட்டுக்காரர்கள் சேர்ந்த ஒரு சாகசக் குழுவில் இருக்கிறாள் அவள். எல்லோருக்கும் ஒரே வாடகை வீடு. ஒருவர் தோள்மேல் ஒருவராக ஏறி நிற்கும் மனிதக் கோபுரத்தில் அவள் அடிவரிசை, நடு ஆள். மொத்தப் பாரமும் இறங்கும் இடம் அது. காலி கேஸ் சிலிண்டரா நிரம்பியதா என்று பார்க்காமலேயே மாடிக்குத் தூக்கிப்போனவளுக்குப் பொருத்தமான உத்தியோகம்.

"அண்ணா, புது ஷோவுல என்னை நடுவுலேர்ந்து எடுத்துட்டாங்க. ஒரு பீடத்துல உக்காந்து கண்ண மூடிக்கணுமாம்."

"சும்மா உக்கார்றதுக்கா சம்பளம்? நல்லதுதானே?"

போனை வைத்துவிட்டாள்.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: 'அந்நிய மண்ணில், மழை பெய்யும் ஜன்னலோரம், தன் வீட்டின் நினைவில் அவள் விழிகள்'

விழிகளோடு நிற்கிறது. காரணம் அவள்தான்.

"மழையே பெய்யல. ஜன்னலோரம் வாஷிங் மெஷின்தான் இருக்கு. நான் எங்க நின்னு அழறது?"

"கொஞ்சம் ஏங்கேன்மா. வாசகர்கள் எதிர்பார்ப்பாங்க."

"நீயும் எங்க டைரக்டரும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சீங்களா?"

3

இயக்குநர் சொன்ன காரணம் இது: "உங்க நாட்டுக்காரங்களுக்கு அமைதி ரத்தத்திலேயே ஓடுது." டிவி ரிமோட்டுக்காக எங்கள் வீட்டில் நடக்கும் சண்டையை அவர் பார்த்ததில்லை.

பீடம் பிளைவுட்டில் செய்து ரோஸ் வண்ணம் அடித்தது. தாமரையாம். கிட்டே போனால் முட்டைக்கோஸ். அதன்மேல் தங்கை பத்மாசனத்தில் அமர வேண்டும். அவளுக்கோ சாதாரணச் சம்மணமே வராது. இரண்டு முட்டியும் கூடாரம் அடித்ததுபோல் நிற்கும். கயிற்றின்மேல் நடக்கும் பெண் ஒரு முட்டியை அழுத்தினாள். உடனே மறுமுட்டி எழுந்தது.

"வெட்கப்படாதே. அது உனக்குள்ளதான் இருக்கு. வெளியே வரட்டும்" என்றார் இயக்குநர்.

"முட்டிதான் சார் வெளியே வருது."*

* அவர்கள் பேசிக்கொள்வது எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஒரு மொழியில். 'சார்' நான் சேர்த்த மரியாதை.

4

அவள் இடத்துக்கு வந்தவன் குழுவிலேயே பெரிய உருவம். வீட்டில் அவனுக்கு பீரோ என்று பெயர். கதைக்கு வில்லன் கிடைத்துவிட்டான் என்று மகிழ்ந்து, 'அவன் இதழோரம் ஒரு குரூரப் புன்னகை' என்று ஆரம்பித்தேன்.

"அடிச்சுடு. அவனை வில்லனாக்கினா இனிமே உனக்கு ஒண்ணுமே சொல்லமாட்டேன். அவனே பாவம். மத்தவங்க மேல ஏறும்போது அவனுக்கு முகமெல்லாம் துடிக்கும், கண்ணுல தண்ணி முட்டும். அவன் தேசத்தோட தீராத துயரம்னு டைரக்டர் போஸ்டர்லயே போட்டுட்டாரு."

"அடடா, நல்ல வரி."

"வரியுமில்ல, துயரமுமில்ல. அவனுக்குக் கழுத்துல கூச்சம் அண்ணா! யாராவது கால் வெச்சா சிரிப்பு வந்துடும். அவங்க நாட்டுக்காரங்க சிரிக்கவே மாட்டாங்கன்னு நானும்தான் நம்பிட்டிருந்தேன். பீடத்துல ஒத்தக் கண்ணத் திறந்து பார்த்தப்பதான் தெரிஞ்சுது. சொன்னா வேலை போயிடும்னு அடக்கிட்டு நிக்கறான். அவன் குலுங்கறதுல உச்சியில நிக்கறவ ஆடறா. ஒரு நாள் விழப்போறா."

5

விழுந்தாள். ஒத்திகையில், நல்லவேளையாக மெத்தை விரிப்பின்மேல். உச்சியில் நின்றவள் அந்தக் கயிற்றுக்காரிதான்.

தங்கை முட்டைக்கோஸிலிருந்து இறங்கினாள். "ஒரு தடவை, ஒரே தடவை ஆளை மாத்திப் பார்க்கலாம்."

"பார்வையாளர்கள் குழம்பிப்போயிடுவாங்க" என்றார் இயக்குநர்.

கயிற்றுக்காரி இடுப்பைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "அவங்க குழம்பட்டும். நான் இனிமே இவ தோளைத் தவிர எங்கயும் ஏறமாட்டேன்."

பீரோ நேரே பீடத்துக்குப் போய், துண்டு மடிப்பதுபோல் ஒரு காலை மடித்தான். அதன்மேல் மறுகாலை மடித்து வைத்தான். அப்பழுக்கில்லாத பத்மாசனம். முதுகுவலிக்கு அவன் தினமும் போடுவதாம். இத்தனை நாளில் யாரும் அவனைக் கேட்டதில்லை.

தங்கை நடுவில் போய்க் காலை அகட்டி நின்றாள். "ஏறுங்க."

ஏறினார்கள். கோபுரம் நின்றது. ஆடாமல், அசையாமல், இசை முடிந்த பிறகும் நின்றது. இறங்கச் சொல்லவே இயக்குநர் மறந்துபோனார்.

(இங்கே 'அவள் தோள்களில் அன்று உலக நாடுகள் அனைத்தும்' என்று எழுதினேன். "நாடெல்லாம் தெரியல. குதிகால்தான் தெரியும். அதுல ஒண்ணு பித்தவெடிப்பு" என்றாள். நீக்கிவிட்டேன்.)

6

முடிவுகள் கைவசம் சில உண்டு. இயக்குநர் மன்னிப்புக் கேட்பது ஒன்று. நடந்தது வேறு: தேசியப் படிமங்களைத் தலைகீழாக்குவதே தம் வாழ்நாள் கனவு என்று பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். என் ரத்தம் கொதித்தது. தங்கை சிரித்தாள். "சொல்லிட்டுப் போகட்டும்ணா. கீழ நிக்கறது நான்தானே? நான் நகர்ந்தா அவர் கனவு என்ன ஆகும்?"

முதல் காட்சிக்கு டிக்கெட் அனுப்பியிருந்தாள். போனேன். கதை அந்தக் காட்சியில்தான் முடிய வேண்டும்: அவள் தோள்மேல் அத்தனை பேரும் ஏறி, உச்சியில் அந்தப் பெண் கைவிரித்து நின்ற கணத்தில். அதை நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். என்னிடம் இருப்பது சத்தம் மட்டும். அரங்கமே மூச்சை அடக்கியது கேட்டது. பிறகு கைதட்டல்; நாற்காலியின் கால்வரை அதிர்ந்த கைதட்டல். நிற்கவேயில்லை. யாரோ தங்கையின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். கயிற்றுக்காரியின் குரல் என்று நினைக்கிறேன்.

கோபுரம் ஏறத் தொடங்கியபோதே, பெண்பிள்ளை எப்படித் தாங்குவாள் என்ற பயத்தில் நான் கண்ணை இறுக மூடியிருந்தேன்.

பக்கத்து இருக்கையில் அந்த ஊர்க்காரர் ஒருவர். என் முகத்தையும் நிறத்தையும் மூடிய கண்ணையும் பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு, "தியானமா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.