எமில்ராஜின் வயிறும் கூரைச் சீற்றும்

எமில்ராஜின் வயிறு வீங்கத் தொடங்கியதும் குருநகர் ஊரே கூடி நோயைக் கண்டுபிடித்துவிட்டது: மனுசன் களவாகக் குடிக்கிறார், ஈரல் போய்விட்டது. அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்துக் குடியை விட்டவர்தான். ஆனால் வயிறு முன்னால் போய்ச் சாட்சி சொல்லும்போது பின்னால் வருபவரை யார் நம்புவார்கள்? மனைவி மேர்சி தண்ணீர்ப் போத்தலைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் வயிற்று நீரை இறக்கினார்கள். அது மறுபடி ஊறியது. நீரைச் சோதித்தும் பிடிபடாமல், துளைபோட்டுக் கமராவை விட்டுச் சிறு துண்டு சதை எடுத்தார்கள்.

"ஈரல் நல்லாயிருக்கு," என்றார் டொக்ரர் அருந்ததி. "இது குடலைச் சுத்தியிருக்கிற சவ்விலை வாற புற்றுநோய். மீசோதீலியோமா."

எமில்ராஜ் வெற்றியோடு மேர்சியைப் பார்த்தார். "கேட்டீரே? ஈரல் நல்லாயிருக்காம்."

"மிச்சமும் கேட்டது," என்றாள் மேர்சி.

"ஐயா என்ன தொழில்?" என்று கேட்டார் அருந்ததி.

"கூரைச் சீற் யாவாரம். சின்ன வயசிலையிருந்து."

"அஸ்பெஸ்ரஸ்தானே? அதை அறுக்கிற தூசாலை வாற வருத்தம்தான் உது."

எமில்ராஜின் முகம் சுருங்கியது. கடைக்குப் பின்னால் சீற்றுகள் ஆளுயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. 'ஒண்டும் செய்யாது, என்னைப் பாருங்கோ' என்று தன் வயிற்றைத் தட்டிக் காட்டியே இவ்வளவு காலமும் விற்றவர். குடிகாரன் என்ற பெயரா, கடையா? வியாபாரி மனம் நொடியில் முடிவெடுத்தது.

"டொக்ரர், சீற்றெண்டு எழுதாதேங்கோ. களவாக் குடிச்சனானெண்டு போடுங்கோவன்."

"குடியாலை உது வராது."

"கொஞ்சம் பாத்துச் செய்யுங்கோ."

அருந்ததி மேர்சியிடம் திரும்பினார். "அம்மா, இவற்றை வேலை உடுப்பை ஆர் தோய்க்கிறது?"

"நான்தான். கிணத்தடியிலை நல்லா உதறிப்போட்டுத்தான் தோய்க்கிறனான். வெள்ளையாக் கொட்டும்."

"அப்ப உங்களையும் ஒருக்காச் சோதிக்கோணும். அந்தத் தூசு உங்களுக்குள்ளையும் போயிருக்கலாம்."

பேரம் அத்தோடு முறிந்தது.

"சீற்றெண்டே எழுதுங்கோ," என்றார் எமில்ராஜ். "முதல் இவவைப் பாருங்கோ. எனக்கென்ன வைத்தியம்?"

"கொழும்புக்குப் போகோணும். கட்டி பிடிச்ச சவ்வை உரிச்செடுத்து, சூடாக்கின மருந்தை வயித்துக்குள்ளை ஓடவிட்டுக் கழுவுவினம். பெரிய ஒப்பரேசன். எல்லாருக்கும் செய்யேலாது, உங்களுக்குச் செய்யலாம்போலை கிடக்கு."

"பாதி உரிச்சால் காணாதோ?"

"காணாது. முழுக்க எடுக்கோணும்."

வீடு திரும்பும் வழியில், தன் கடையடியில் ஓட்டோவை நிறுத்தச் சொன்னார் எமில்ராஜ். வீடு கட்டும் லெனாட், சீற் ஏற்ற லாண்ட்மாஸ்ரர் வண்டியோடு காத்து நின்றான்.

"அண்ணை, ஏத்தட்டோ?"

"வேண்டாம். முன்கடையிலை தகரம் வாங்கு."

"தகரம் சூடெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"சூடுதான். வேர்த்தால் துடைக்கலாம்."

மேர்சி தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினாள். முகர்ந்து பார்க்கவில்லை.