நாற்பது விநாடிக்கு ஒரு ராணி

இணையச் சதுரங்கத்தில் மருந்துக்கடைக்காரரிடம் லிஃப்ட் மெக்கானிக் ஏழு முறை தோற்றிருந்தார். ஏழிலும் தோற்றது அவரல்ல, அவர் வீட்டு இணையம். ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் திரை உறைந்துவிடும்; கடிகாரம் மட்டும் நிற்காமல் ஓடும். மருந்துக்கடைக்காரரோ, பில்லின் பின்பக்கத்தில் அச்சடிக்காத குறையாக அதை ஊரெல்லாம் பரப்பினார். "லிஃப்ட்காரர் நடுவழியிலயே நின்னுடுவாரு" என்று கிண்டல் வேறு.

மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு ஆராய்ந்ததில் குற்றவாளி அகப்பட்டார். அவரேதான். மூன்று வருடங்களுக்கு முன், சுவரைத் துளைக்கச் சோம்பல்பட்ட கேபிள்காரருக்கு, தம் ஆறாம் மாடி வீட்டுக்கு லிஃப்ட் குழிவழியாகவே கேபிளை இழுத்துக் கட்டிக்கொடுத்த புண்ணியவான் அவர். லிஃப்ட் ஓடும்போதெல்லாம், அதற்கு எதிராக ஏறியிறங்கும் எடைக்கல் கேபிளை உரசியது. இணையம் உயிரை விட்டது. குழிக்குள் தனியாக இறங்கக் கூடாது. துணை ஆள் திங்கட்கிழமைதான் வருவார். எட்டாவது ஆட்டமோ இன்று மாலை. இதுவும் பாதியில் நின்றால் போட்டிப் பட்டியலிலிருந்தே பெயரை அடித்துவிடுவார்கள்.

வீடுவீடாகப் போய், அரை மணி நேரம் படியேறும்படி கேட்டுக்கொண்டார். மொட்டைமாடி மோட்டார் அறையில் சுவிட்சை அணைத்து, கிரீஸ் டப்பாமேல் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தார். மனைவி கீழே காவல். அன்று ஆறு மாடி ஜனமும் ஏறிய படிகளை அடுக்கியிருந்தால் நிலா கைக்கு எட்டியிருக்கும்.

ஆட்டம் அருமையாகப் போனது. இருபத்தெட்டாவது நகர்வில், குழிவழியே மனைவியின் குரல் ஏறி வந்தது.

"என்னங்க, அஞ்சாம் மாடி டீச்சரக்கா வந்திருக்காங்க. முழங்கால் வீங்கிக் கெடக்கு. காத்திருக்கேங்கறாங்க, ஆனா நிக்கவே முடியல."

மெக்கானிக்கின் கடிகாரத்தில் மிச்சம் ஐம்பத்தொரு விநாடி. தரையிலிருந்து ஐந்தாம் மாடிக்கு நாற்பது. தம் லிஃப்ட் அவருக்குத் தெரியாதா? லைன் திரும்ப இன்னொரு இருபது. தம் நேரத்தில் லிஃப்டை ஓட்டினால் கதை முடிந்தது. மருந்துக்கடைக்காரரின் நேரத்தில்தான் ஓட்ட வேண்டும். அதற்கு அந்த மனிதர் ஒரு நிமிடமாவது மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்.

ராணியைக் கொண்டுபோய் எதிரியின் குதிரை வாயில் வைத்தார். ஒரு காரணமும் இல்லை. வைத்த கையோடு, "ஏத்தி விடு!" என்று குழிக்குள் கத்திச் சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமியது; திரை உறைந்தது. கயிற்றைப் பார்த்தே மாடிகளை எண்ணினார். விநாடிக்கு ஒரு வயது கூடியது. ஐந்தில் நின்று, கதவு மூடும் சத்தம் கேட்டதும் மறுபடி அணைத்தார்.

லைன் வந்தபோது மருந்துக்கடைக்காரர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார். ஓசியில் எதையும் கொடுத்தறியாத மனிதர். சும்மா கிடக்கும் ராணியில் விஷம் இருப்பதாகவே முடிவுகட்டி, அதைத் தொடாமல் ராஜாவை மூலைக்குள் ஒதுக்கினார். மெக்கானிக்கின் யானைக்கு வழி திறந்தது. மூன்றே நகர்வு. பதினோரு விநாடி மிச்சமிருக்க, செக்மேட்.

உடனே திரையில் செய்தி விழுந்தது: "ராணிய ஏன்யா சும்மா கொண்டுவந்து வச்சே?"

மெக்கானிக் நிதானமாகத் தட்டினார்: "டீச்சரக்காவுக்கு முழங்கால் வலி."

அதிலும் ஏதோ பொறி இருக்கிறதென்று மருந்துக்கடைக்காரர் இன்றுவரை ஆராய்ந்துகொண்டிருக்கிறாராம்.